டிசம்பர்ல 10 கிலோமீட்டர் ஓடணும், வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, ரெண்டு வாரம் விட்டுப்போச்சு... என்ன பண்றதுங்க?

பீளமேடு_அம்மா:

எல்லாருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன். வயசு 36, ரெண்டு பசங்க, பெரியவன் நாலாவது படிக்கறான், பாப்பாவுக்கு மூணு வயசு முடிஞ்சுது. பம்பு கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், ஒம்பதுல இருந்து ஆறு மணி வரைக்கும். வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர், அவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், ஒரு வாரம் காலைல ஆறுல இருந்து மதியம் ரெண்டு, அடுத்த வாரம் ரெண்டுல இருந்து ராத்திரி பத்து, அதுக்கடுத்த வாரம் முழு நைட்டு. ஞாயித்துக்கிழமை லீவு.

எங்கம்மாவுக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மார்புல கேன்சர் வந்து ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆகி இப்ப நல்லா இருக்காங்க. பொள்ளாச்சில தம்பி கூட இருக்காங்க. கீமோ நடந்துட்டிருந்தப்ப ஒரு நாள் ஆஸ்பத்திரி வராண்டால நடக்க வெச்சாங்க, பத்தடி நடந்துட்டு செவுத்த புடிச்சிட்டு நின்னு "நீயாச்சும் நல்லா நட சாமி"ன்னாங்க. அது மனசுலயே நின்னு போச்சு. கோயமுத்தூர் மாரத்தான் 2013ல இருந்து கேன்சர் பவுண்டேஷனுக்காகத்தான் நடக்குதுன்னு ஆபிஸ்ல ஒருத்தங்க சொல்லவும், இந்த டிசம்பர்ல 10 கிலோமீட்டர் ஓடறேன்னு அம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டேன், பேரும் குடுத்தாச்சு.

ஜூலைல ஆரம்பிச்சேன், நல்ல காத்து அப்போ, ஓடவும் சுகமா இருந்துச்சு. போன்ல ஒரு ஆப்ல வாரத்துக்கு நாலு நாள்னு ப்ளான் வரும், அதைப் பாத்து ஓடிட்டு இருந்தேன். காலைல நாலே முக்காலுக்கு எந்திரிச்சு ஓடிட்டு ஆறுக்குள்ள வந்து டிபன், லஞ்ச் பாக்ஸ், ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன். ஆனா வீட்டுக்காரருக்கு காலை ஷிப்ட்னா அவர் அஞ்சரைக்கே கெளம்பிடுவாரு, நைட் ஷிப்ட்னா ஆறரைக்குத்தான் வருவாரு, பசங்கள தூங்கற வீட்ல தனியா வுட்டுட்டு எப்படி போறது, அதனால மூணு வாரத்துல ஒரு வாரந்தான் ஒழுங்கா ஓட முடியுது. இதுல செப்டம்பர்ல பெரியவனுக்கு காலாண்டு பரிட்சை, அது முடியறதுக்குள்ள பாப்பாவுக்கு காய்ச்சல், அப்பறம் அவனுக்கும் காய்ச்சல், ரெண்டு வாரம் சுத்தமா ஷூவையே தொடல. ஆப்ல அந்த நாளெல்லாம் வரிசையா சிவப்பா காட்டுச்சு, பாக்கவே பொறுக்கல. விட்டதையெல்லாம் புடிச்சர்லாம்னு போன வாரம் தொடர்ந்து அஞ்சு நாள் ஓடினேன். இப்ப ரெண்டு கால்லயும் முன் எலும்பு ஓரமா, உள்பக்கம், வலி எடுக்குது. மாடிப்படி எறங்கறப்ப நல்லாவே தெரியுது.

நிக்காம ஓடினா மூணு கிலோமீட்டர் வரும், அதுக்குள்ள மூச்சு வாங்கிரும். நடந்து ஓடி நடந்து ஓடின்னா அஞ்சு கிலோமீட்டர் முக்கா மணி நேரம். போட்டிக்கு சரியா 12 வாரம் இருக்குது.

இன்னொண்ணு, கேக்கவே கூச்சமா இருக்குதுங்க, ஆனா இங்க யாருக்கும் என்னைத் தெரியாதுங்கற தைரியத்துல கேக்கறேன். ஓடறப்ப கொஞ்சம் யூரின் கசியுது. பாப்பா பொறந்ததுல இருந்தே தும்மினா இருமினா இருக்கும், ஓட ஆரம்பிச்சதுக்கப்பறம் ஜாஸ்தி. அதுக்காக ஓடறதுக்கு முன்னாடி தண்ணியே குடிக்கறதில்ல.

விட்ட ரெண்டு வாரத்த எப்படி ஈடு கட்டறது? இல்ல 5 கிலோமீட்டருக்கு மாத்திக்கலாமா? அம்மாகிட்ட சொன்னத மாத்தறதுக்கு மனசு வரமாட்டேங்குது.

---

தாம்பரம்_ஓட்டம்:

சிஸ்டர், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், விட்டுப்போன நாள் கடன் இல்ல, அதை வட்டியோட கட்டணும்னு ஒண்ணுமே கிடையாது. ரெண்டு வாரம் ஓடலன்னா மூச்சு கொஞ்சம் இறங்கும், அவ்ளோதான், ஜூலைல இருந்து நீங்க சேத்தது எங்கயும் போயிடல, சீக்கிரமே திரும்பி வந்துடும். ஆனா அதை அஞ்சு நாள்ல புடிக்கப் போனீங்க பாருங்க, அங்கதான் கால் மாட்டிக்கிச்சு. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிடும், எலும்பு, தசைநார் எல்லாம் மெதுவாத்தான் பழகும். மூச்சு தாங்குது, ஓடலாம்னு நமக்கு தோணும், கால் ரெடியா இருக்காது. எனக்கும் முதல் வருஷம் இதேதான் ஆச்சு, ரெண்டு பசங்க, கிண்டில வேலை, டிரெயின்ல போய்ட்டு வர்ற ரெண்டு மணி நேரம் போக கிடைச்ச நேரத்துல எல்லாத்தையும் திணிச்சேன்.

அந்த ஆப்பை தூக்கிடுங்க, அது குடும்பம் இல்லாதவங்களுக்கு போட்ட அட்டவணை. உங்களுக்கு வாரத்துக்கு மூணு நாள் போதும். 1996ல ஜாஷ் க்ளார்க்னு ஒரு அமெரிக்கப் பையன், உக்காந்தே இருந்த அவங்கம்மாவ ஓட வைக்கறதுக்குன்னு ஒரு திட்டம் போட்டான், இன்னிக்கு உலகம் பூரா ஓட ஆரம்பிக்கறவங்க புடிச்சிக்கறது அதைத்தான். அதுவே வாரத்துக்கு மூணு நாள்தான், ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஒம்பது வாரம். முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ஒண்ணரை நிமிஷம் நடை.

அப்புறம் நடந்து நடந்து ஓடறேன்னு ஏதோ குறை மாதிரி எழுதியிருக்கீங்க. அது குறையே இல்ல சிஸ்டர். ஜெஃப் காலோவே 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடினவரு, அவரே சாதாரண ஜனங்களுக்கு சொல்லிக் குடுத்தது ஓடு, நட, ஓடு முறைதான். இதுல முக்கியம் என்னன்னா களைச்சுப் போனப்புறம் நடக்கறது இல்ல, களைக்கறதுக்கு முன்னாடியே நடந்துடணும், முதல் நிமிஷத்துல இருந்தே. ரெண்டு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடைன்னு வாட்ச்ல வெச்சுக்கங்க. ஓடும்போது பக்கத்துல ஆள் இருந்தா முழு வாக்கியமா பேச முடியணும், ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி. மூணு கிலோமீட்டர்ல உங்களுக்கு மூச்சு வாங்கறதுக்கு காரணம் தெம்பு இல்லாதது இல்ல, வேகமா ஓடறீங்க. நான் போன ஜனவரில சென்னை மாரத்தான்ல 10 கிலோமீட்டர் இப்படித்தான் முடிச்சேன், கடைசி கிலோமீட்டர்ல நிக்காம ஓடினவங்க நிறைய பேர் நடந்துட்டு இருந்தாங்க, எனக்கு கால்ல இன்னும் தெம்பு இருந்துச்சு.

---

சிங்கை_செந்தில்:

மேல அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லப் போறேன், தப்பா எடுத்துக்காதீங்க. முன் எலும்பு வலியோட 12 வாரத்துல பத்துக்கு போறது எனக்கு பயமா இருக்கு. நான் சிங்கப்பூர்ல ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ஓடறவன், ரெண்டு வருஷம் முன்னாடி அரை மாரத்தானுக்கு தயார் பண்ணும்போது இதே மாதிரி வலி, பேரு குடுத்தாச்சு காசு கட்டியாச்சுன்னு பல்லைக் கடிச்சிட்டு ஓடினேன். கடைசில எலும்புல கீறல். ஆறு வாரம் கால்ல பெரிய பூட்ஸ் மாதிரி ஒண்ண மாட்டிவிட்டாங்க. அப்ப என் மகளுக்கு ஒண்ணரை வயசு, அப்பா தூக்குன்னு கைய நீட்டிட்டு நிப்பா, ஊன்றுகோலோட அவள தூக்க முடியல. அந்த ஆறு வாரம் அவ அவங்கம்மாகிட்ட மட்டுமே ஒட்டிக்கிட்டா. போட்டி போனது கூட எனக்கு வருத்தமில்ல, அதுதான் இன்னிக்கும் வலிக்குது.

அதனால 5 கிலோமீட்டருக்கு மாத்தறது தோல்வின்னு நினைக்காதீங்க. அந்த வராண்டால அம்மா கேட்டது உங்கள நல்லா நடக்கச் சொல்லித்தானே, பத்து கிலோமீட்டர்னு அவங்க கேக்கலயே. இந்த வருஷம் அஞ்சு, அடுத்த வருஷம் பத்து. முடிவு உங்களோடது, வலி சொல்றத கேக்காம எதுவும் பண்ணாதீங்க, அவ்வளவுதான்.

---

மதுரை_பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட், பதினாலு வருஷமா பாக்குறேன். நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா, ஆனா நீங்களே வீட்ல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கட்டில்ல உக்காந்து கால நீட்டி முன் எலும்போட உள் ஓரத்த கட்டைவிரலால மேல இருந்து கணுக்கால் வரைக்கும் அழுத்திக்கிட்டே வாங்க. வலி நாலு விரல், ஒரு சாண்னு நீளத்துக்கு பரவலா இருந்து, ஓட ஆரம்பிக்கும்போது எடுத்து உடம்பு சூடாக சூடாக கொறஞ்சா அது பெரும்பாலும் அதிகமா ஓடினதால வந்த அழற்சி. அதுவே காசு அளவுக்கு ஒரே எடத்துல சுள்ளுனு இருக்கு, ராத்திரி படுத்தா வலிக்குது, ஒத்தக் கால்ல குதிச்சா உயிர் போகுதுன்னா ஓடவே கூடாது, எலும்பு டாக்டர்கிட்ட போயிருங்க, சிங்கை தம்பிக்கு வந்த மாதிரி கீறலா இருக்கலாம். உங்களுக்கு ரெண்டு கால்லயும், ஓரமா, அஞ்சு நாள் தொடர்ந்து ஓடின பிறகு வந்ததுன்னு சொல்றத வச்சு பாத்தா முதல் வகையா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. பத்து நாள் ஓட்டத்த நிறுத்துங்க, நடைய நிறுத்தாதீங்க. வலிக்காத அளவுக்கு நடங்க, வலி இல்லாம அரை மணி நேரம் வேகமா நடக்க முடிஞ்சா திரும்ப ஓட்டத்த ஆரம்பிக்கலாம்.

கெண்டைக்கால் பலமா இருந்தா முன் எலும்புக்கு பாரம் கொறையும். அதுக்கு தனியா ஜிம்முக்கு போக வேண்டாம். அடுப்படி மேடைய லேசா புடிச்சுக்கிட்டு குதிகாலத் தூக்கி மெதுவா எறக்குங்க, குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும், நடுவுல மூச்சு வாங்கிட்டு திரும்ப. மெதுவா எறக்குறதுதான் முக்கியம், தொப்புனு விடக்கூடாது. என்கிட்ட வர்ற அம்மாக்கள்ள இந்த ஒண்ண விடாம பண்றவங்க திரும்ப அதே வலியோட வந்தது ரொம்ப கொறச்சல்.

இப்ப நீங்க கூச்சப்பட்டு கேட்ட விஷயம். கேட்டதுக்கு நன்றிம்மா, ஏன்னா வாரத்துக்கு நாலஞ்சு பேராவது இதோட வர்றாங்க, எல்லாரும் முதுகு வலின்னு சொல்லித்தான் வருவாங்க, கதவச் சாத்துன பிறகுதான் இத சொல்லுவாங்க. பிரசவத்துல இடுப்புக் கூட்டோட அடித்தள தசை தளர்ந்து போயிருது, தும்மல், இருமல், ஓட்டம்னு வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும்போது அதால பிடிச்சு வைக்க முடியல. வயசாச்சு, ரெண்டு பெத்தாச்சு, இனிமே இப்படித்தான்னு விட்டுறாதீங்க, இது சரியாகுற விஷயம். 1948ல கெகல்னு ஒரு டாக்டர் எழுதின பயிற்சியத்தான் இன்னிக்கும் முதல்ல குடுக்குறோம். மூத்திரத்தையும் காத்தையும் ஒண்ணா அடக்குற மாதிரி உள்ள இழுத்து மேல தூக்குங்க, சில நொடி பிடிங்க, முழுசா விடுங்க. விடுறதும் பிடிக்கிற அளவுக்கு முக்கியம். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூணு தடவை, கொறஞ்சது மூணு மாசம். மூச்ச அடக்கக்கூடாது, பிட்டத்த இறுக்கக்கூடாது. நிஜமாவே மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, அது வேற தொந்தரவுல விடும். தும்மல் வருதுன்னு தெரிஞ்ச உடனே முன்கூட்டியே இழுத்துப் பிடிச்சுக்குங்க, அதுலயே வித்தியாசம் தெரியும். அடியில ஏதோ கீழ எறங்கி வர்ற மாதிரி பாரமா இருந்தா மகப்பேறு டாக்டர பாத்துருங்க.

தண்ணி குடிக்காம ஓடுறத மட்டும் இன்னையோட விட்டுருங்க, கெட்டியான மூத்திரம் மூத்திரப்பைய இன்னும் எரிச்சல்படுத்தி அவசரத்தத்தான் கூட்டும். கருப்பு பேன்ட், ஒரு பேடு, போதும். கென்யால ஃபெய்த் கிப்யெகான் 2018ல ஒரு பெண் குழந்தைய பெத்தாங்க, அதுக்குப் பிறகு 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்லயும் 2024 பாரிஸ்லயும் 1500 மீட்டர் தங்கம். பெத்த உடம்பு திரும்பாதுன்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காதீங்க.

---

ஈரோட்டு_அக்கா:

அம்மிணி, நான் ஸ்டாப் நர்சு, 22 வருஷமா மூணு ஷிப்டும் பாத்தவ. உன் பதிவ ரெண்டு தடவ படிச்சேன், எல்லாரும் கால பத்தி சொல்லிட்டாங்க, நான் உன் வீட்டு நேரத்த பத்தி சொல்றேன். நீ வாரத்த ஏழு நாளா எண்ணிட்டு இருக்கற, உன் வீட்டுக்கு வாரம்ங்கறது 21 நாள் கண்ணு. அதோட ஓட்டம்னா விடிகாலைலதான்னு நெனச்சுட்ட.

ஒரு நோட்டுல எழுதிப் பாரு. வீட்டுக்காரருக்கு காலை ஷிப்ட்னா மூணு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பாரு, நீ ஆறரைக்கு வந்ததும் டிரெஸ்ஸ மாத்திட்டு ஏழு மணிக்கு ஓடு. மதிய ஷிப்ட்னா காலைல அவரு வீட்ல தூங்கிட்டு இருப்பாரு, அப்ப அஞ்சு மணிக்கு ஓடு. நைட் ஷிப்ட்னா ஒம்பது, ஒம்பதேகாலுக்குத்தான் கெளம்புவாரு, அதுக்கு முன்னாடி சாயங்காலம் அரை மணி நேரம் உனக்கு கெடைக்கும். மூணு வாரமும் ஓடலாம், நேரந்தான் மாறும். 12 வாரம்னா நாலு சுத்து. முதல் சுத்து கால் ஆறட்டும், நடையும் கொஞ்சம் ஓட்டமும், ஞாயித்துக்கிழமைல அஞ்சு கிலோமீட்டருக்கு மேல வேண்டாம். ரெண்டாவது சுத்துல ஆறரை, ஏழரை கிலோமீட்டர், மூணாவதுல எட்டு, நாலாவது சுத்துல ஒரே ஒரு தடவ ஒம்பது, அப்பறம் போட்டி வரைக்கும் கொறச்சிரு. நைட் ஷிப்ட் வாரத்துல தூரத்த ஏத்தாத, அந்த வாரம் ராத்திரி பசங்களோட தனியா இருக்கறது நீதான், தூக்கம் உனக்கு அரையுங் கொறையுமாத்தான் இருக்கும், அத ஓய்வு வாரமா வெச்சுக்க. தூங்காம ஓடறதுக்கு ஓடாம தூங்கறது எவ்வளவோ மேல். நைட் வாரம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை அவரு காலைல வந்து படுப்பாரு, அன்னிக்கு சாயங்காலம் போ.

நீண்ட ஓட்டத்துக்கு உங்க ஊரு ரேஸ் கோர்ஸ் ரோட்டு நடைபாதைக்குப் போயிரு. ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர், நாலு சுத்துனா பத்து. ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி நிக்கற எடத்துக்கே வந்துருவ, தண்ணி வண்டில இருக்கும், வீட்ல இருந்து போன் வந்தா பாதி வழில மாட்டிக்க மாட்ட. வெளிச்சம் இருக்கு, கூட்டமும் இருக்கு. வீட்டுப் பக்கம் தெருவுல ஓடறப்ப நாய் தொரத்துனா ஓடாத, நின்னு மெதுவா நடந்து விலகு. கடிச்சிருச்சுனா, நகம் பட்டாக்கூட, சோப்புப் போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போட்டுக்கணும், நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது. வார்டுல இருந்தவ சொல்றேன்.

போட்டி நாள் எந்த ஷிப்ட் வாரத்துல வருதுன்னு இன்னிக்கே எண்ணிப் பாத்துரு. சனிக்கிழமை நைட்டுல வந்துச்சுனா இப்பவே மில்லுல சொல்லி மாத்திக்கச் சொல்லு, கடைசி வாரம் கேட்டா ஆள் கெடைக்காது.

ரத்தத்துல ஹீமோகுளோபின் பாத்தியா? மூணு கிலோமீட்டர்ல மூச்சு வாங்குதுங்கறயே, வேகமும் இருக்கலாம், ரத்தமும் இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநல சர்வேல நம்ம நாட்ல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகைதான். மாத்திரை குடுத்தா டீ, காப்பியோட போடாத, சத்து சேராது, எலுமிச்சம்பழத் தண்ணியோ நெல்லிக்காயோ சேத்துக்க.

பத்தா அஞ்சாங்கறத இப்ப முடிவு பண்ண வேண்டாம் கண்ணு. ரெண்டாவது 21 நாள் சுத்து முடியறப்ப கால் சொல்லும்.

---

பீளமேடு_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. உடனே பதில் எழுதாததுக்கு மன்னிச்சுக்குங்க, ஆறு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு கேக்கலாம்னு இருந்தேன்.

பிசியோ அக்கா சொன்ன மாதிரி அழுத்திப் பாத்தேன், பரவலாத்தான் இருந்துச்சு, ராத்திரில வலி இல்ல. பத்து நாள் நடை மட்டும். ஓடாம இருக்கறதுக்கு கஷ்டமா இருந்துச்சுங்க, சத்தியமா. ஹீமோகுளோபின் 10.4 இருந்துச்சு, டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்து மெதுவா ஓடலாம்னு சொன்னாங்க. டீயோட சேத்துத்தான் மாத்திரை போட்டுட்டு இருந்தேன், அக்கா சொன்னத வீட்டுக்காரர்தான் படிச்சுட்டு டம்ளரை கைல இருந்து வாங்கினாரு.

ஈரோட்டு அக்கா, உங்க 21 நாள் கணக்க அப்படியே நாள்காட்டில எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கோம். அவர் ஷிப்ட் நீல பேனால, என் ஓட்டம் சிவப்புல. இத்தனை நாள் நான் ஓடறது எனக்கு மட்டும் ஒரு வேலை மாதிரி, யாருக்கும் தொந்தரவு இல்லாம திருட்டுத்தனமா விடியறதுக்குள்ள முடிச்சுக்கணும்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். அவர்கிட்ட நேரம் கேட்டதே இல்ல. நோட்ட காட்டி கேட்டேன், "இத ஜூலைலயே கேட்டிருக்கலாமே"ன்னாரு. இப்ப காலை ஷிப்ட் வாரத்துல நான் ஆபிஸ்ல இருந்து வர்றப்ப ஷூவ வாசல்ல எடுத்து வெச்சுட்டு, பசங்களுக்கு தோசை ஊத்திட்டு இருப்பாரு.

கசியறது முழுசா நிக்கல, ஆனா தும்மினா இப்ப இல்லவே இல்ல, ஓடறப்பவும் கொறஞ்சிருக்கு. தண்ணி குடிச்சுட்டுத்தான் ஓடறேன். மூணு மாசம் ஆகும்னீங்க, விடாம பண்றேன்.

போன ஞாயித்துக்கிழமை ரேஸ் கோர்ஸ்ல மூணு சுத்து, ஏழரை கிலோமீட்டர், ரெண்டு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடைதான், ஒரு மணி நேரம் எட்டு நிமிஷம் ஆச்சு. கால்ல வலி இல்ல. அம்மா பொள்ளாச்சில இருந்து வந்திருந்தாங்க, பாப்பாவோட பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் அந்த பெஞ்ச தாண்டறப்ப பாப்பா விரல நீட்டி எண்ணுவா. மூணாவது சுத்து வர்றப்ப அம்மா எந்திரிச்சு எம்பக்கத்துல ஒரு இருவதடி வேக நடையா நடந்து வந்தாங்க, நானும் அப்ப நடை நிமிஷத்துலதான் இருந்தேன், ஒண்ணுமே பேசல ரெண்டு பேரும். வாட்ச் அடிச்சுது, நான் ஓடிட்டேன்.

சிங்கை தம்பி, நீங்க சொன்னத மறக்கல. வலி வந்தா அஞ்சுக்கு மாத்திக்கறேன்னு அம்மாகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன், மொதல்ல சொல்றதுக்கே வாய் வரல, சொன்னப்பறம் நிம்மதியா இருந்துச்சு. இப்போதைக்கு பத்துதான். போட்டி நாள் மதிய ஷிப்ட் வாரத்தோட ஞாயிறுல வருது, அதனால அவரும் பசங்களும் வர்றாங்க.

இப்ப ஒரே கேள்வி. மழை புடிச்சுக்கிச்சு, நேத்து ஓடிட்டு வர்றப்ப ஷூ முழுக்க நனைஞ்சு போச்சு, நாளன்னிக்கு திரும்ப ஓடணும், இருக்கறது ஒரே ஜோடி. வெயிலே இல்ல, எப்படி காய வெக்கறது?

---

தாம்பரம்_ஓட்டம்:

சிஸ்டர் படிச்சதும் அவ்ளோ சந்தோஷமா இருக்கு. ஷூக்கு: உள்ள இருக்கற மெத்தைய வெளிய எடுத்துடுங்க, லேஸையும் கழட்டிடுங்க, பழைய நியூஸ்பேப்பரை கசக்கி விரல் நுனி வரைக்கும் திணிச்சு வைங்க, ஒரு மணி நேரத்துல பேப்பர் ஈரமாயிடும், எடுத்துட்டு வேற பேப்பர், அப்படி மூணு நாலு தடவை. அப்புறம் ஃபேனுக்கு கீழ சாய்ச்சு வைங்க. அடுப்பு பக்கத்துலயோ பிரிட்ஜ் பின்னாடி சூட்டுலயோ வெக்காதீங்க, அடிப்பாகத்து பசை விட்டுடும்.

---

ஈரோட்டு_அக்கா:

பேப்பர் மாத்தற வேலைய பெரியவன்கிட்ட குடு அம்மிணி, நல்லா பண்ணுவான். ஒம்பது கிலோமீட்டர் ஓடுன அன்னிக்கு வந்து எழுது.